சிவப்பு ஓரம், மஞ்சள் ஓரம்

திருடி கிடைத்துவிட்டாள். திருடு போனதுதான் கிடைக்கவில்லை.

இப்படியொரு வழக்கை என் வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. என் வாழ்க்கை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, அத்தைக்கு வண்டி ஓட்ட ஆரம்பித்த பிறகு வந்த வாழ்க்கைதான். அத்தை என்றால் அப்பாவின் தங்கை இல்லை, என் மனைவியைப் பெற்றவர். காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்தே காலம் தள்ளியவர். ஓய்வு பெற்ற கையோடு வீட்டு வாசலில் துப்பறியும் நிறுவனம் என்று பலகை மாட்டிவிட்டார். வேலை போய் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையை உதவியாளனாக வைத்துக்கொண்டால் சம்பளம் குடும்பத்தை விட்டு வெளியே போகாது என்பது அவர் கணக்கு.

"மாப்பிள்ளை, காத்து வண்டியோட சேர்த்து உங்களையும் தூக்கிட்டுப் போறதுக்குள்ள இறங்குறீங்களா?"

பாருங்கள், இந்த மரியாதைதான் என்னைக் கொல்கிறது. திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். திருப்பி ஒரு வார்த்தை சொல்ல வழியில்லாமல் இறங்கினேன்.

கடலை ஒட்டி நின்ற ஆராய்ச்சி நிலையம் அது. சில வாரங்களாகவே கடல் ஒரு நிலையில் இல்லையாம். யாரும் இறங்கக் கூடாது என்று கரையில் நட்டிருந்த சிவப்புக் கொடி காற்றில் கிழிந்து நார் நாராகத் தொங்கியது. கட்டடத்தின் ஜன்னல்கள் ஓயாமல் தடதடத்துக்கொண்டிருந்தன. வாசலில் இயக்குநர் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். அவர் கழுத்துப்பட்டை தோளுக்குப் பின்னால் பறந்துகொண்டிருந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"வாங்கம்மா, வாங்க. சாயங்காலம் விழா. வெளியூர் ஆளுங்க மதியத்துலேருந்தே வந்து இறங்க ஆரம்பிச்சிடுவாங்க. அதை மட்டும் தேடிக் குடுத்துடுங்க."

"எதை?" என்றார் அத்தை.

இயக்குநர் எங்களை விழா அரங்கத்துக்கு அழைத்துப் போய்ச் சுவரைக் காட்டினார். சுவர் முழுக்க ஒரே படம். கடல் நத்தை, ஆனால் முதுகில் ஓடு கிடையாது. நிஜத்தில் விரல் நீளம்தானாம், சுவரில் பஸ் நீளத்துக்கு இருந்தது. நீல உடம்பு. முதுகில் நீளவாக்கில் மூன்று கருப்புக் கோடுகள். உடம்பைச் சுற்றிச் செக்கச்செவேலென்று ஒரு ஓரம். மூன்று கோடுகளில் நடுக்கோடு மட்டும் ஓரிடத்தில் அறுந்து, ஒரு புள்ளி வைத்து, மறுபடியும் கிளம்பியிருந்தது.

"கோடு போட்டவன் பாதியில டீ குடிக்கப் போயிட்டு வந்து மிச்சத்தைப் போட்டிருக்கான்" என்றேன்.

இயக்குநர் சிரிக்கவில்லை. அத்தையும் சிரிக்கவில்லை. ஆனால், "இதை உங்க செல்லுல ஒரு படம் எடுத்துக்கோங்க மாப்பிள்ளை" என்றார்.

இயக்குநர் மூச்சு விடாமல் விஷயத்தைக் கொட்டினார். இதே நீலம், இதே கருப்புக் கோடு போட்ட நத்தை இந்தக் கடலில் பாறைக்குப் பாறை கிடைக்கும். அவற்றுக்கெல்லாம் ஓரம் மஞ்சள். சிவப்பு ஓரம் உள்ளது உலகத்திலேயே இந்த ஒன்றுதான். இது வேறு இனம், புது இனம் என்று இங்கே வேலை பார்க்கும் ஆராய்ச்சியாளர் ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். அதை அறிவிக்கத்தான் விழா. அவர் அது சம்பந்தமாகச் சில வாரம் வெளியூர் போயிருந்தார். விழா வரை யார் கண்ணிலும் படக் கூடாது என்று தொட்டியைக் கருப்புத் துணியால் மூடி, அறையைப் பூட்டிவிட்டுத்தான் போனார். இன்று காலை வந்து துணியைத் தூக்கினால் உள்ளே மஞ்சள் ஓரம் போட்ட ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கிறது.

"ரூம் சாவி?"

"ரெண்டு. ஒண்ணு அவங்ககிட்ட. இன்னொண்ணு தொட்டிகளைப் பாத்துக்கிற பொண்ணுகிட்ட. அந்தப் பொண்ணு அவங்க கூடப்பொறந்த தங்கச்சி. நான்தான் எடுத்தேன்னு ஒத்துக்கிட்டா."

"விசாரிச்சதும் ஒத்துக்கிட்டாளா?"

"விசாரிக்கிறதுக்கு முன்னாடியே."

அத்தைக்கு மூக்கு வேர்த்துவிட்டது. இத்தனை வருஷத்தில் கேட்பதற்கு முன்னால் உண்மை சொன்ன ஒரு ஆளையும் தாம் பார்த்ததில்லை என்று அவர் என்னிடம் அடிக்கடி சொல்வார்.

"போலீஸுக்குச் சொல்ல நான்கூடத் தயங்கினேன்மா. அவங்க அக்காதான் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா, கூப்பிடுங்கன்னுட்டாங்க. பாவம், அவங்க நெலமை அப்படி. இந்த அறிவிப்பு நடந்தா நிரந்தர வேலை. நடக்கலைன்னா ஒப்பந்தம் இந்த மாசத்தோட சரி."

"விழா தொடங்குற வரைக்கும் எனக்கு டைம் குடுங்க. அதுவரைக்கும் போன்ல கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அத்தை நடக்க ஆரம்பித்தார். முழங்கால் வலி என்று வீட்டில் மாடி ஏற மாட்டார். வழக்கு என்றால் அந்த முழங்கால் எங்கேதான் போகுமோ, நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

தங்கை தீனி அறையில் இருந்தாள். வாளிகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்ததைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஏற்கெனவே கவிழ்த்து வைத்ததை எடுத்து மறுபடி கழுவினாள். அழுது ஓய்ந்த முகம். எங்களைப் பார்த்ததும் யாரும் எதுவும் கேட்காமலே ஆரம்பித்தாள்.

"நான்தாங்க எடுத்தேன். நேத்து எடுத்துக் கடல்ல விட்டுட்டேன். அதுக்குப் பதிலா மஞ்சள் ஓரம் ஒண்ணைப் புடிச்சிட்டு வந்து போட்டேன்."

"எங்கேருந்து புடிச்ச?"

"பாறைப் பக்கம். முங்கித்தான் எடுக்கணும்."

"நேத்தா முங்குன? இந்தக் கடல்லயா?"

"எனக்குப் பழக்கம்தான். அந்தச் சிவப்பு ஓரத்தையே நான்தான் ஆழத்துலேருந்து எடுத்துட்டு வந்தேன்." சொல்லும்போது அவள் குரலில் ஒரு கணம் பெருமை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போனது.

"ஏம்மா திருடுன?"

"பொறாமை. அக்கா பேரு பெருசா வருதேன்னு."

பாடம் ஒப்பிப்பது போல் சொன்னாள். பொறாமைக்காரர்களை எனக்குத் தெரியும், என் சகலையே ஒருத்தர் இருக்கிறார். அவர்கள் ஒருநாளும் அந்த வார்த்தையைத் தங்கள் வாயால் சொல்ல மாட்டார்கள்.

அத்தை அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "நீ முங்குற சாமானெல்லாம் எங்க வெச்சிருக்க?" என்று மட்டும் கேட்டார். அவள் கதவுக்குப் பின்னால் கையைக் காட்டினாள். முங்கும் உடை ஆணியில் தொங்கியது. அதன் கீழே காலில் மாட்டும் துடுப்பு இரண்டும் சுவரில் சாய்ந்து நின்றன. நான் குனிந்து பார்த்தேன். இரண்டு துடுப்புக்கும் நடுவில் ஒரு சிலந்தி வலை பின்னி, நடு வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"அத்தை, நேத்து முங்கினப்போ இவரும் கூடப் போயிட்டு வந்திருக்கார்" என்றேன்.

தங்கை திருதிருவென விழித்தாள். வாளி கையிலிருந்து நழுவி உருண்டது. அத்தை அதை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"அது கெடக்கட்டும். அந்த நத்தைக்கு என்ன தீனி போடுவ?"

"கடற்பஞ்சு."

"அதுவும் ஆழத்துலதான் இருக்குமோ?"

"செவப்புப் பஞ்சு ஆழத்துல. அங்க போக முடியலைன்னா..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் வாளி கழுவும் தொட்டியின் ஓரத்தில் ஒரு தட்டு நிறைய நறுக்கி வைத்திருந்த பஞ்சை என் கண்ணே பார்த்தது. எலுமிச்சை மஞ்சள் நிறம். இறங்குதுறைக் கம்பங்களில் வண்டி வண்டியாக ஒட்டிக்கொண்டிருந்ததை வரும்போதே பார்த்திருந்தேன். அதைச் சுரண்டி எடுக்கக் காலை நனைக்கக்கூட வேண்டாம்.

அக்காவைத் தொட்டி அறையில் பிடித்தோம். பிடித்தோம் என்று சொல்வதுதான் சரி, அவர் ஓரிடத்தில் நிற்கவே இல்லை. தொட்டிக்கும் ஜன்னலுக்கும், ஜன்னலுக்கும் கதவுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். தொட்டியின் பக்கத்தில் சுவரில் ஒரு பலகை, காக்கித் தாளால் மூடி ஒட்டப்பட்டிருந்தது. புது இனத்தின் பெயராம். விழாவில்தான் தாளைக் கிழிப்பார்களாம்.

"அவகிட்ட பேசுனீங்களா? எங்க வெச்சிருக்காளாம்?"

"கடல்ல விட்டுட்டாளாம்."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். உடனே எழுந்தார். "சின்ன வயசுலேருந்து எங்கம்மா என்னைவிட அவளை நம்பித்தான் எதையும் குடுப்பாங்க. நானும் அப்படித்தான் நம்பினேன். ஊருக்குப் போறப்போ, சாவியை அவ கையில குடுத்துட்டு நிம்மதியாத் தூங்கினேங்க. இந்த உலகத்துல யாரு எடுத்திருந்தாலும் தாங்கிப்பேன்." கோபமா அழுகையா என்று பிரிக்க முடியாத குரல் அது.

அத்தை தொட்டிக்குள் பார்த்தார். மஞ்சள் ஓரம் போட்ட நத்தை ஒரு கல்லின்மேல் ஏறிக்கொண்டிருந்தது. ஊரே பரபரத்துக்கொண்டிருக்க, அது ஒன்றுதான் அவசரப்படாத ஜீவன்.

"எனக்கு ஒரு மண்ணும் தெரியாதும்மா, அதனால கேக்குறேன். இது வேற இனம், அது வேற இனம்னு எதை வெச்சு சொல்றீங்க?"

"ஓரத்து நிறத்தை வெச்சு. மத்ததெல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். மரபணுச் சோதனைக்குக் குடுத்திருக்கு, முடிவு வர நாளாகும். அதுக்குள்ள இயக்குநர் விழாவுக்கு நாள் குறிச்சுட்டார். நானும் சரின்னுட்டேன்."

"முதுகுல இருக்குற கோடு?"

"அது உதவாது. ஒரே இனத்துலேயே ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஒண்ணு மாதிரி இன்னொண்ணுக்கு இருக்காது. அதனால இனம் பிரிக்கிறப்போ நாங்க கோட்டைப் பாக்கவே மாட்டோம்."

"சரி, கண்ணாடியில ஒட்டிக்கிட்டு இருக்கே சுருள் சுருளா, இது என்ன? ரிப்பன் மாதிரி?"

"முட்டைங்க. பிடிச்சிட்டு வர்றதுக்கு முன்னாடியே ஜோடி சேந்திருக்கும். அப்புறம் தனியா இருந்தாலும் முட்டை வெச்சுக்கிட்டே..."

அக்காவின் கண் அந்தச் சுருள்களில் குத்தி நின்றது.

நானும் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். கண்ணாடியின் உள்பக்கத்தில் மூன்று சுருள்கள் ஒட்டியிருந்தன. இடது கோடியில் இருந்தது நல்ல சிவப்பு. வலது கோடியில் இருந்தது மஞ்சள். நடுவில் ஒன்று இருந்தது. அது ஆரஞ்சு.

"சிவப்புத் தின்னா சிவப்பா முட்டை வைக்கும்னு வெச்சுக்குவோம்" என்றார் அத்தை மெதுவாக. "மஞ்சள் தின்னா மஞ்சளா வைக்கும். நேத்து ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணைப் போட்டிருந்தா இங்க செவப்பு இருக்கணும், மஞ்சள் இருக்கணும். நடுவுல இருக்கிற இந்த ஆரஞ்சை வெச்சது யாரு?"

அக்கா கண்ணாடியில் நெற்றி படும் அளவுக்குக் குனிந்து அந்த ஆரஞ்சுச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு சந்தேகம்மா. இனம் பிரிக்கக் கோடு உதவாது, சரி. ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு மாதிரின்னு சொன்னீங்களே. அப்போ ஆளைப் பிரிக்க?"

நான் செல்லை எடுத்து, அரங்கத்துச் சுவர்ப் படத்தைத் திறந்து தொட்டியின் பக்கத்தில் பிடித்தேன். நத்தை கல்லின் உச்சிக்கு வந்து திரும்பியது. முதுகு முழுசாகத் தெரிந்தது. மூன்று கோடு. நடுக்கோடு ஓரிடத்தில் அறுந்து, ஒரு புள்ளி வைத்து, மறுபடியும் கிளம்பியிருந்தது. டீ குடிக்கப் போனவன் இங்கேயும் அதே இடத்தில்தான் எழுந்து போயிருந்தான்.

"இது என்னோடதுதான்" என்றார் அக்கா. "யாரும் எடுக்கல. இது அதேதான். சட்டை மட்டும் மாறியிருக்கு."

அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். தங்கை திருடவில்லை என்ற சந்தோஷம், அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அடுத்த நொடியே அது வடிந்தது. ஏன் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவர் கண்டுபிடித்ததற்கு இருந்த ஒரே ஆதாரம் ஓரத்து நிறம். அந்த ஓரம் தீனியோடு மாறும் என்றால் சிவப்பு ஓரமும் மஞ்சள் ஓரமும் ஒரே இனம். பாறைக்குப் பாறை கிடைக்கும் அதே நத்தை, ஆழத்துக்குப் போய்ச் சிவப்புப் பஞ்சைத் தின்றிருக்கிறது. புது இனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

கதவு படாரென்று திறந்தது. தங்கை மூச்சிரைக்க நின்றாள். அவளுக்குப் பின்னால் இயக்குநர்.

"அக்கா, அவங்க சொல்றதைக் கேக்காத. நான்தான் எடுத்தேன். நான்தான் மாத்தினேன்!"

"ஏண்டி?" அக்கா அவள் தோள் இரண்டையும் பிடித்து உலுக்கினார். "நெறம் மாறுதுன்னு ஒரு போன் பண்ணியிருக்கலாம் இல்ல? ஏண்டி சொல்லல?"

தங்கை உடைந்து போனாள். "கடல்ல இறங்க முடியலக்கா. செவப்புப் பஞ்சு தீந்துபோச்சு. பட்டினி போட மனசு வரல. கம்பத்துல இருந்த மஞ்சளைச் சுரண்டிப் போட்டேன், நல்லாத் தின்னுச்சு. அப்புறம் பாத்தா ஓரம் வெளுக்குது. எனக்கு அப்பவே புரிஞ்சிடுச்சு. எப்படிச் சொல்லச் சொல்ற? இது மாறிடுச்சுன்னு தெரிஞ்சா உன் கண்டுபிடிப்பே இல்ல. திருடு போச்சுன்னா இருக்கு. படம் இருக்கு, நீ எழுதினது இருக்கு, உன் வேலை இருக்கு. போறது நான் ஒருத்திதானே, போனா என்ன?"

கிண்டல் பண்ணத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். போலீஸைப் பற்றி அக்கா காலையில் சொன்ன அந்த 'கூப்பிடுங்க' இப்போது அவர் காதிலேயே ஒலித்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

வெளியே கார்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இயக்குநர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். நெற்றியைத் துடைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"இங்க நாம மட்டும்தான் இருக்கோம். நான் என்ன சொல்றேன்னா... பொண்ணு ஏற்கெனவே ஒத்துக்கிட்டா. போலீஸெல்லாம் வேண்டாம், வேலையை விட்டு நிறுத்திடுவோம். திருடு போச்சுன்னு மேடையில சொல்லிட்டு, படத்தை வெச்சு அறிவிச்சிடலாம். இதைத் தூக்கிக் கடல்ல விட்டுட்டா முடிஞ்சது. சோதனை முடிவு வர்றப்போ பாத்துக்குவோம். உங்க வேலை போகாது, நிலையத்துப் பேரும் போகாது."

"சரின்னு சொல்லுக்கா" என்றாள் தங்கை.

அத்தையைப் பார்த்தேன். அவர் கைப்பையின் காதைத் திருகிக்கொண்டு நின்றார். அவருக்கும் கை சும்மா இருக்கவில்லை. "என்னோட வேலை திருடு போனதைக் கண்டுபிடிக்கிறது. எதுவும் திருடு போகல. யார் வந்து கேட்டாலும் நான் இதைத்தான் சொல்லுவேன். நீங்க மேடையில என்ன சொல்லணும்கிறதை நான் சொல்ல முடியாதும்மா" என்றார்.

அக்கா சுவர்ப் பக்கம் போனார். காக்கித் தாளின் ஒரு மூலையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். பலகையை ஆணியிலிருந்து கழற்றித் தங்கையின் கையில் கொடுத்தார்.

"படி."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள். முதல் பாதி ஏதோ வாயில் நுழையாத விஞ்ஞானப் பெயர். இரண்டாம் பாதியில் வந்து நின்றுவிட்டாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள், மறுபடியும் அதே இடத்தில் நின்றாள். வேற்று மொழி வாலை ஒட்டிக்கொண்டு அங்கே இருந்தது அவளுடைய பெயர்.

"அக்கா... இது என் பேரு."

"ஆழத்துலேருந்து எடுத்துட்டு வந்தவ நீதானே? வேற யாரு பேரை வைப்பேன்? விழாவுல பாத்து நீ அலறணும்னுதான் மூடி வெச்சேன்." அக்கா சிரிக்கப் பார்த்தார், பாதியில் அழுகை வந்துவிட்டது. "இந்தப் பேரைக் காப்பாத்தத்தான் நீ திருடின்னு பேர் வாங்கப் பாத்தியாடி, பைத்தியக்காரி!"

தங்கை பலகையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். இயக்குநர் ஏதோ சொல்ல வந்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான்தான் மேடை ஏறப் போறேன். புது இனம் இல்ல, நிறத்தை நம்பி நான் ஏமாந்துட்டேன்னு சொல்லப் போறேன். தொட்டியையும் கொண்டு வரச் சொல்லுங்க. முட்டையை எல்லாரும் பாக்கட்டும்."

"உங்க வேலை?" என்றார் இயக்குநர்.

"போகும்" என்றார் அக்கா. சொல்லிவிட்டு ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். பயந்துதான் இருந்தார். பிறகு தன் கையாலேயே தங்கையின் முகத்தைத் துடைத்துவிட்டார். "அந்த நத்தைக்கு இந்தப் பேரு இனிமே கிடையாது. இந்தப் பேர்ல எனக்கு நீ ஒருத்திதான் இருக்கே. வா, என் பக்கத்துல வந்து நில்லு. தனியா ஏற எனக்குக் கால் வராது."

இருவரும் தாழ்வாரத்தில் நடந்தார்கள். தங்கை பலகையைக் கீழே வைக்கவே இல்லை. இயக்குநர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டே பின்னால் ஓடினார்.

நான் வண்டிச் சாவியை எடுத்தேன். அத்தை என் கையைத் தட்டிவிட்டார்.

"எங்க கெளம்புறீங்க மாப்பிள்ளை? அந்தத் தொட்டிக்கு அந்தப் பக்கம் புடிங்க. தண்ணி சிந்தாம தூக்கணும்."